தம்பியின் தலைக்குள் தெரிந்த வெளிச்சம்

மாமா அந்த டோர்ச்சை வாங்கியது யானைகளுக்காக. அம்மாவின் தம்பியான அவர் அப்போது லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு மரக்கறி ஏற்றுவார். இடையிடையே லக்கலப் பக்கம் போய்ப் பூசணிக்காயும் வாழைக்குலையும் ஏற்றி வருவார். ஒருநாள் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட, வளைவில் ஒரு யானை லொறிக்கு முன்னால் வந்து நின்று, நகர மனமில்லாமல் யோசித்துக்கொண்டே இருந்ததாம். மறுவாரமே முழங்கை நீளத்துக்கு ஒரு டோர்ச் வாங்கிவிட்டார். அதை அடித்தால் மலையின் அடுத்த பக்கம் தெரியும் என்பார். எனக்குத் தெரிந்து எந்த யானையும் அந்த டோர்ச்சைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான்தான் அதை ஆசை தீரப் பயன்படுத்தினேன்.

எங்கள் வீடு பலாபத்வலையில், பெரிய ரோட்டுக்குப் பின்னால் இருந்தது. அப்பா சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கி, காயவைத்து, மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பார். வீட்டிலேயே ஈரம் ஏறாத அறை எதுவோ அது சாக்குகளுக்கு. மூட்டைகளை ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்ததால் அங்கே நடுப்பகலிலும் இருட்டுதான். தம்பி பிறந்த பிறகு அம்மா அவனுடைய தொட்டிலை அந்த அறையில் கட்டினாள். யாழ்ப்பாணம் போகும் பஸ்களின் ஹோர்ன் சத்தம் அந்த மூட்டைகளைத் தாண்டி வராது. அவன் கிராம்பு வாசனையில்தான் தூங்கி எழுந்தான்.

தம்பிக்குத் தலை பெரியது. முதலில் அது யாருக்கும் கவலையாக இருக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இவன் பெரிய படிப்புப் படிப்பான் என்றார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இரண்டு வீடு தள்ளி இருந்தார். அவர் கண்ணேறு படாமல் இருக்க அவன் கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டு வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனது. கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி மிஸ்ஸி மட்டும் அவன் தலையைச் சுற்றி நாடா வைத்து அளந்துவிட்டு, நாடாவைச் சுருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் மிஸ்ஸி," என்றார் அப்பா. "தொப்பி வாங்கணும்னா கண்டிக்குத்தான் போவாரு. இங்க உள்ள தொப்பி ஒண்ணும் அவருக்குப் பத்தாது."

"தொப்பிக் கதை வேணாம். புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்டுங்க."

கோயில் தேர் முடியட்டும் என்றார் அப்பா. தேர் முடிந்தது. மிளகு வந்து இறங்கும் காலம் தொடங்கியது. அம்மா பால் கொடுக்கும்போது அவன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, கொதிக்கும் பானையின் மூடியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் வைத்து வைத்து எடுப்பாள். தம்பி குடித்த பாலை அடிக்கடி கக்கினான். அவன் கண்கள் எப்போதும் கீழே பார்த்தபடி இருந்தன. தரையில் ஏதோ அவனுக்குப் பிடித்தது கிடக்கிறது என்று நினைத்து, நானும் பல தடவை குனிந்து தேடியிருக்கிறேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பிடித்துக்கொண்டிருந்தது, கரண்டும் போயிருந்தது. சாப்பிட வந்த மாமா, கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா, ஒரு வித்தை காட்டுறேன். கையத் திறக்காம கைக்குள்ள இருக்கிறதப் பாக்கலாமா?"

என்னைச் சாக்கு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். என் உள்ளங்கையை டோர்ச்சின் வாயில் கவிழ்த்து வைத்துப் பொத்தானைத் தள்ளினார். என் கை சிவந்து எரிந்தது. விரல்களின் ஓரங்கள் பழுத்த மிளகாய்போல் ஒளிர்ந்தன. கை என்பது மூடிக் கிடக்கும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குள் வெளிச்சம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது எனக்குப் பெரிய திகைப்பாக இருந்தது. கையை இழுத்து எண்ணெய் விளக்கில் சுட்டுக்கொண்டதுபோல் ஊதினேன். மாமா சிரித்தார்.

"சுடாது. வழி இருந்தா வெளிச்சம் உள்ள போகும். வழி இல்லாட்டி வாசல்லயே நின்னுரும். அவ்வளவுதான்."

இவ்வளவு சொல்லிவிட்டு அவர் முன்னறையில் பாய் விரித்துப் படுத்துவிட்டார். டோர்ச் என்னிடம் இருந்தது.

எதற்கு வழி இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்க்காமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மடியில் அள்ளக்கூடியதையெல்லாம் அள்ளிக்கொண்டு இருட்டுக்குள் போனேன். சாதிக்காய் கல்போல் நின்றுவிட்டது. அதன்மேல் வலைபோல் சுற்றியிருந்த பத்திரியை உரித்து வைத்தால் அது மட்டும் நெருப்புச் சிவப்பாக மின்னியது. துணி துவைக்கும் சவுக்காரக் கட்டிக்குள் வெளிச்சம் கொஞ்சத் தூரம் போய்க் களைத்து மஞ்சளாக உட்கார்ந்துவிட்டது. மெழுகுவர்த்தியும் அப்படித்தான், டோர்ச்சுக்குப் பக்கத்தில் பிரகாசமாக இருந்து, தள்ளிப்போகப் போக மங்கியது. அப்பா முகம் மழித்துவிட்டுத் தேய்க்கும் படிகாரக் கட்டியில் வெளிச்சம் தங்கவே இல்லை, நேராக மறுபக்கம் போய்ச் சுவரில் விழுந்தது. எல்லாவற்றிலும் விசித்திரமாக நடந்துகொண்டது கோடு போடும் என் பிளாஸ்டிக் அடிமட்டம்தான். அதன் ஒரு முனையில் டோர்ச்சை வைத்தால் நடுவில் ஒன்றும் தெரியாது, மறுமுனையின் விளிம்பு மட்டும் ஒரு கோடாகப் பளிச்சிடும். வெளிச்சம் உள்ளே ஒளிந்துகொண்டே நடந்துபோய் வெளியே எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. ஆற்றிலிருந்து பொறுக்கி வந்த வெள்ளைக் கூழாங்கல்லை நான் நம்பவே இல்லை. கல் எப்படி வழி விடும்? அது மொத்தமாக உள்ளுக்குள் பால்போல் நிறைந்து ஒளிர்ந்தது. அதே அளவு கறுப்புக் கல் அசையவே இல்லை.

தொட்டிலில் தம்பி விழித்துக்கொண்டு கிடந்தான். அழவில்லை. அவன் காதில் வைத்தேன், செம்பருத்திப் பூ இதழ்போல் சிவந்தது. பாதத்தில் வைத்தேன், என் கையைவிட நன்றாக வெளிச்சம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குத் தோல் மெல்லிசு, அதனால் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு டோர்ச்சை அவன் காதுக்குப் பின்னால், தலையோடு ஒட்டி வைத்தேன்.

அவன் தலை முழுவதும் எரிந்தது.

காதுக்குப் பின்னால் மட்டுமல்ல. நெற்றி, உச்சி, அந்தப் பக்கத்துக் காது வரை எல்லாம். கையில் வந்த சிவப்பு அல்ல, கடதாசி வெளிச்சக்கூட்டுக்குள் விளக்கு ஏற்றினால் வருமே, அந்த நிறம். மேலே நரம்புகள் இலை நரம்புகளைப்போல் கோடு கோடாகத் தெரிந்தன. மெழுகுவர்த்தியில்கூட வெளிச்சம் போகப் போக மங்கியிருந்தது. தம்பியின் தலையில் அது மங்கவில்லை. உள்ளே அதைத் தடுக்க ஒன்றுமே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே அவன் கண்கள் வழக்கம்போல் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

டோர்ச்சை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தேன்.

துவைத்த துணியோடு அம்மா கதவைத் திறந்தது எனக்குத் தெரியாது. அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்றும் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது துணி அவள் கையில் இல்லை, தரையில் கிடந்தது. அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கினேன். அம்மா அடிக்கவில்லை. கதவைச் சாத்தினாள். என் கையிலிருந்து டோர்ச்சை வாங்கி, தம்பியின் தலையின் அடுத்த பக்கத்தில் தானே வைத்தாள். மறுபடியும் எல்லாம் எரிந்தது.

"தம்பி," என்று கூப்பிட்டாள். குழந்தையை அல்ல, மாமாவை. உரக்கக்கூட இல்லை. ஆனாலும் முன்னறையில் குறட்டை நின்றது.

மாமா வந்தார், பார்த்தார். எப்போதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர் மிளகு மூட்டையைப் பிடித்துக்கொண்டார். பின்கட்டில் இருந்த அப்பாவையும் கூப்பிட்டார்கள். அம்மா மூன்றாம் தடவையாக டோர்ச்சைப் பிடித்தாள்.

"பாருங்க," என்றாள். "நல்லா பாருங்க. இதுவும் உங்க அப்பா தலையா?"

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்திலும் தம்பியின் தலையிலிருந்து வந்த வெளிச்சம் லேசாக விழுந்தது. பிறகு, "அத அணை," என்றார். அம்மா அணைக்கவில்லை. "அணைன்னு சொல்றேன்ல," என்றவரின் குரல் உடைந்து, கடைசிச் சொல் காற்றாகப் போனது. அப்பாவின் குரல் அப்படி உடையும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

மாமாதான் முதலில் அசைந்தார். "அக்கா, துணிய எடுத்துக்கிட்டு வா. லொறி ரோட்டுலதான் நிக்குது."

தம்பியைச் சேலையில் சுற்றிக்கொண்டு அம்மா லொறியின் முன் இருக்கையில் ஏறினாள். அப்பா செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்தில் ஏறினார். பின்னால் இறக்கப்படாத பூசணிக்காய்கள் நனைந்துகொண்டிருந்தன. நான் சத்தம் கேட்டு ஓடி வந்த அத்தையோடு வாசலில் நின்றேன். ஏறும்போது அம்மா என்னைப் பார்த்தாள், அல்லது என் பக்கமாகப் பார்த்தாள். லொறி போய்விட்டது.

நடந்ததை நான்தான் அத்தையிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பச்சப் புள்ள மண்டையில டோர்ச் அடிச்சியா? யானைக்கு அடிக்கிற டோர்ச்சுடி அது. அந்தச் சூட்டுக்கு உள்ள இருக்கிறது என்னத்துக்கு ஆகும்?"

மறுநாள் மாமா மட்டும் வந்தார். மாத்தளை ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார். "தலைக்குள்ள தண்ணி சேந்திருக்காம்," என்று சொன்னபோது, அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வேறொன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மெழுகுவர்த்தி சூட்டில் உருகித் தண்ணீராவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டோர்ச்சை நிறைய நேரம் வைத்திருந்த இடத்தில் சவுக்காரம்கூட இளஞ்சூடாக இருந்ததே. தம்பியின் மூளை இருந்தது, நான் வெளிச்சம் அடித்தேன், இப்போது தண்ணீர் இருக்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு நான் அத்தை வீட்டில் விளக்குக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வெயிலில் பள்ளிக்கூடம் போகும்போது புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு போனேன். வெயில் தாங்காத பிள்ளை என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

கண்டியில் தம்பிக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். மாமா வந்து சொன்னார்: "ஒரு மெல்லிசுக் குழாய் வச்சிருக்காங்க. தலையில இருந்து தோலுக்கு அடியாலயே வயித்துக்குப் போகுது. தண்ணி தன்னால இறங்கிரும்."

"மூளை?" என்று கேட்டேன்.

"அது ஓரமா ஒதுங்கி உக்காந்திருக்காம். தண்ணி வத்தினா தன் எடத்துக்கு வருமாம்."

மாமா எப்போதும் விளையாட்டாகப் பேசுகிறவர். ஆகவே நான் அதை நம்பவில்லை.

மாமா சொன்னது உண்மை என்பது பல வருடம் கழித்து அம்மா பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் தெரிந்தது. தம்பி பிறக்கும்போதே அந்தக் கோளாறு இருந்திருக்கிறது. தண்ணீர் வடியும் வழி அடைபட்டு, நாளுக்கு நாள் சேர்ந்து, மூளையை மண்டையோட்டோடு ஒட்டித் தள்ளியிருக்கிறது. மூளை வெளிச்சத்தைத் தடுக்கும், தண்ணீர் தடுக்காது. அம்மா டோர்ச் கதையைச் சொன்னதும் கண்டி டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாராம். ஸ்கேன் வருவதற்கு முன்னால் நாங்களும் இருட்டு அறையில் இப்படித்தான் பார்ப்போம், உங்கள் வீட்டில் யார் பார்த்தது என்று கேட்டாராம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கண் பார்வையும் போயிருக்கும், ஒருவேளை ஆளே போயிருப்பான் என்றாராம்.

தம்பி இப்போது தம்புள்ளையில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறான். இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பான். பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை அந்தக் குழாயை மாற்ற வேண்டி வந்தது, அப்போதும் பயந்தோம். படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. பெரிய படிப்புப் படிப்பான் என்றவர்கள் யாரும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பஸ் கொண்டக்டர்களோடு சிங்களத்திலும் தமிழிலும் சண்டை பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

இவையெல்லாம் பிறகு தெரிய வந்தவை. ஒப்பரேஷன் முடிந்த அந்த வாரத்தில் எனக்கு இதில் எதுவும் தெரியாது. ஒரு மத்தியானம், மாற்றுத் துணி எடுத்துப்போக அம்மா மாமாவின் லொறியில் வீட்டுக்கு வந்தாள். தம்பியோடு அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, சேலையில் மருந்து வாசனை அடித்தது. குளித்தாள். அத்தை கொண்டுவந்த சோற்றில் கை வைத்துப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு மேலாக என் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தைக்கூட அல்ல, தலையை.

"இங்க வா," என்றாள்.

சாக்கு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். தொட்டில் காலியாகத் தொங்கியது. மூட்டைமேல் கிடந்த டோர்ச்சை அவள் எடுத்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. தம்பிக்கு நான் செய்ததை அம்மா இப்போது எனக்குச் செய்யப்போகிறாள். என் மூளையும் உருகும். என்னையும் கண்டிக்குக் கொண்டுபோவார்கள். ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. நியாயம் என்றுதான் தோன்றியது. ஒன்று மட்டும் கேட்டேன்.

"வலிக்குமாம்மா?"

"ஆடாம இரு."

என்னை முன்னால் உட்காரவைத்து இரண்டு பின்னலையும் அவிழ்த்தாள். முடியை வகிர்ந்து வகிர்ந்து ஒதுக்கி, டோர்ச்சின் கண்ணாடியைக் காதுக்குப் பின்னால் அழுத்தினாள். கண்ணாடி குளிர்ந்தது. பொத்தான் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா எட்டி அந்தப் பக்கம் பார்த்தாள். அடுத்த காதுக்குப் பின்னால் வைத்தாள், பிடரியில் வைத்தாள், உச்சியில் வைத்தாள். அவள் கை மாற்றிப் பிடித்தபோது டோர்ச் என் காதுத் தோட்டில் பட்டுக் கிண்கிணென்றது. உள்ளே ஏதாவது இளகுகிறதா என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணும் தெரியல," என்றாள் அம்மா.

மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல. ஒண்ணுமே தெரியல."

அப்படியே தரையில் உட்கார்ந்து என் தலையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். தம்பியின் தலை எரிந்தபோது அவள் அழவில்லை. லொறியில் ஏறும்போதும் அழவில்லை. இப்போது உடம்பு குலுங்க அழுதாள். அவள் கண்ணீர் என் வகிட்டில் சொட்டியது.

எனக்கு அவள்மேல் மிகவும் இரக்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் வெளிச்சம் உள்ளே போகவில்லையே. காரணமும் எனக்குத் தெரிந்தேயிருந்தது. அந்த அறையில் என்னைவிட அதிகமாகச் சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

"முடி மறைக்குதும்மா," என்றேன். "நெத்தியில வச்சுப் பாருங்க. அங்க முடி இல்ல. போகும்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. என் முகத்தை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டோர்ச்சை அணைத்தாள். இருட்டில் அவள் கை என் நெற்றியைத் தேடி வந்து, எதையோ உள்ளே விடாமல் தடுப்பதுபோல் அழுத்தி மூடிக்கொண்டது.

கை வலித்ததால் அம்மா தண்டனையைப் பாதியில் விட்டுவிட்டாள் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.